பச்சைப் பேனாவில் குங்குமப்பூ

ஏர்வாடி பாக்கர் சேர்த்ததெல்லாம் குட்டைப் பேனாக்கள். மூடி வைத்தால் சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் நீளம். மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகினால்தான் எழுதும் அளவுக்கு வரும். தங்க நிப்பு, கையால் மெழுகேற்றிய உடல், மோதிரம் போல ஒரு வளையம். எல்லாம் உயர்ந்த சரக்கு. வாப்பாவின் ரசனை அப்படி என்று அவர் மகள் யும்னா வெகுகாலம் நினைத்திருந்தாள்.

ரசனை இல்லை, இடம்தான் காரணம். ஷார்ஜாவில் ஆறு பேர் தங்கிய அறையில் அவருக்கென்று இருந்தது ஒரு கட்டிலும், தலைமாட்டில் பூட்டுப் போட்ட ஒரு சின்ன இரும்புப் பெட்டியும். பாஸ்போர்ட்டும் மாத்திரையும் வீட்டுப் படங்களும் போக மிஞ்சிய இடத்தில் பெரிய பேனா நுழையாது. ஆசையை இடத்துக்குத் தக்கபடி நறுக்கிக்கொண்டார்.

அங்கே ஒரு பெரிய கடையின் பேனாப் பிரிவில் அவர் விற்பனையாளர். வந்தவரின் பெயரைக் கேட்டு, நிப்பை மையில் தொட்டு, அந்தப் பெயரை அரபியில் எழுதிக் காட்டுவார். ஊர் மதரஸாவில் படிந்த கையெழுத்து அது. தன் பெயரை அப்படிப் பார்த்த பிறகு பேனாவை வாங்காமல் போனவர்கள் குறைவு. ஒரு ரகம் நின்றுபோனால், கண்ணாடிப் பெட்டியில் காட்சிக்கு வைத்திருந்ததை முதலாளி ஊழியர்களுக்கே கொடுத்துவிடுவார். பாக்கர் காத்திருந்து வாங்குவார். வருடக்கணக்கில் காத்திருந்ததும் உண்டு.

ஊரோடு வந்தபின் பேனாக்கள் ஓர் அத்தர் பெட்டிக்குள் குடியேறின. குப்பிகளுக்காக வெல்வெட்டில் குழித்த பள்ளங்கள் அவற்றுக்குப் பொருந்தின. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைப்பார். உப்புக்காற்றில் கிளிப் கறுத்துவிடும் என்பது அவருடைய ஓயாத கவலை. அடுத்த வீட்டிலிருந்த தங்கை ஹாஃபிஸா அந்த நேரம் பார்த்து வந்து நிற்பார்.

"பேனாவக் குளிப்பாட்டித் தொடச்சு விடுறிய காக்கா. எழுதத்தான் மாட்டேங்குறிய."

"எழுதுனா நிப்பு தேயும்."

"அப்ப வாயத் தொறந்தா நாக்குந்தான் தேயும். அத மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துறிய?"

பாக்கர் சிரிப்பார். துடைப்பதை நிறுத்த மாட்டார்.

அந்தப் பெட்டியில் ஒரு பச்சைப் பேனா. வேலையை விட்டு வந்த வருடம் வாங்கியது. மற்றவற்றில் எப்போதாவது ஒரு வரி எழுதிப் பார்த்திருக்கிறார். இதில் மை ஏற்றியதே இல்லை.

அறுபத்திரண்டாம் வயதில் அவருக்குக் கல்லீரல் கெட்டது. மதுரை மருத்துவமனையில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாரிடமும் கேட்கவில்லை. தூத்துக்குடியில் ஒரு ரசாயன ஆலையில் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளர் யும்னா. விடுப்புப் போட்டுவிட்டு வந்தாள். வந்தவளிடம் பாக்கர் ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பச்சைப் பேனால மை ஊத்திக் கொண்டா புள்ள. ஒருக்கா எழுதிப் பாத்துக்கிறேன்."

பேனாவைத் திறந்தாள். நிப்பின் பிளவில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. மை ஏற்றும் திருகு அசையவில்லை.

ஹாஃபிஸா மாமிதான் ஒப்புக்கொண்டார்.

"நாந்தான் எடுத்தேன் புள்ள. தட்டு எழுத."

வெள்ளைப் பீங்கான் தட்டில், பன்னீரில் அரைத்த குங்குமப்பூவால் குர்ஆன் ஆயத்துகளை எழுதி, அதைக் கழுவிய தண்ணீரை நோயாளிக்குக் குடிக்கக் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ஈர்க்குச்சியைத் தொட்டுத் தொட்டு எழுதுவார்கள்.

"குச்சி என்னாச்சு மாமி?"

"குச்சியில எழுதுனா கோணுது. எனக்குக் கண்ணு முந்தி மாதிரியா இருக்கு? காக்கா பேனா நூல் கணக்கா ஓடும்ல. அவுக பேனாலயே அவுகளுக்கு எழுதுனா சீக்கிரம் கேக்கும்னு பட்டுச்சு. குங்குமப்பூவ உறிஞ்ச வச்சேன். மணியா எழுதுச்சு."

"எழுதிட்டுக் கழுவியிருக்கலாமே."

"எப்புடிக் கழுவ? அல்லாட கலாமு எழுதுன பேனா. அந்தத் தண்ணி சாக்கடைக்கில்ல போகும்! அப்புடியே மூடி, முத்தம் குடுத்து வச்சிட்டேன்."

 தட்டைக் கழுவிய தண்ணீரை வாப்பா கடைசிச் சொட்டுவரை குடித்திருந்தார்.

ஆலையில் அவளுடைய வேலையில் பாதி, அடைத்த குழாயைத் திறப்பது. எந்தப் பக்கத்திலிருந்து தள்ள வேண்டும், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதெல்லாம் தெரியும். ஆனால் இது மிகச் சிறியது. நிப்புக்கு அடியில் மை இறங்கும் கருப்புக் கட்டையில் தலைமுடி அகலத்துக்குக் காடிகள். அவற்றுக்குள் குங்குமப்பூ நார் சிக்கிக் காய்ந்திருந்தது. வெந்நீர் விட்டால் கட்டை வளையும். இழுத்துக் கழற்றினால் நிப்பு கோணும். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் பின்னாலிருந்து தள்ளுவது ஒன்றுதான் வழி.

ஹாஃபிஸா கிண்ணத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒரு சொட்டும் தரையில் விழக் கூடாது. கிண்ணம் நிறைந்ததும் முருங்கை மூட்டில் கொண்டுபோய் ஊற்றினார், யார் காலும் படாத இடமாகப் பார்த்து.

"இந்த வருசம் முருங்கைக்கு நோய்நொடி வராது" என்றார் திரும்பி வந்து. யும்னாவுக்குச் சிரிப்பு வந்தது. 

"ஆச்சா?" என்று பாக்கர் கட்டிலிலிருந்து கேட்பார்.

"நார் வருது வாப்பா. ஆயிரும்."

கிண்ணத்துத் தண்ணீரில் மஞ்சள் வெளிறிக்கொண்டே வந்தது. வாப்பாவின் கண்ணில் ஏறிக்கொண்டே போனது. ஒருநாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். உம்மா காலிதா கஞ்சியை ஊட்டினால் யாருக்கோ கொடுப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தார். கல்லீரல் வடிக்காத நஞ்சு மூளைக்கு ஏறும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். யும்னாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. புரிந்து ஒன்றும் ஆகவில்லை.

நண்பகல் லுஹர் பாங்கு முடிந்த நேரம். சிரிஞ்சிலிருந்து தண்ணீர் தடையில்லாமல், நிறமில்லாமல் வந்தது. துணியில் ஒற்றி எடுத்து, நீல மை ஏற்றி, ஒரு தாளில் கோடு இழுத்துப் பார்த்தாள். விட்டுவிடாமல், கனம் மாறாமல் ஓடியது. இன்னொரு கோடு. வட்டம். எட்டு. பழுதில்லை.

உம்மாவும் மாமியும் சேர்ந்து அவரைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். யும்னா அவர் மடியில் அட்டையும் சில தாள்களும் வைத்து, பேனாவை விரல்களுக்கிடையில் கொடுத்தாள்.

விரல்கள் தானாக மடங்கிப் பிடித்தன. நிப்பை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். முகம் தெளிந்தது. அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். யும்னா அந்தப் புன்னகையை அதற்கு முன் பார்த்ததில்லை. வீட்டுக்கு அவர் கொண்டுவராத புன்னகை.

"உங்க பேரு, மேடம்?"

உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காக்கா, இது நம்ம..." என்று தொடங்கிய மாமியின் கையை யும்னா பிடித்து அழுத்தினாள்.

"யும்னா" என்றாள்.

"மாஷா அல்லாஹ். நல்ல பேரு."

தாளின் வலது ஓரத்தில் நிப்பை வைத்தார். வைத்த இடம் சரியாக இருந்தது. சாய்மானமும் சரியாக இருந்தது. கை மட்டும் நகரவில்லை. நிப்புக்குக் கீழே மை புள்ளியாகக் கசிந்து, பொட்டளவு பரவி, அடுத்த தாளுக்கும் இறங்கியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்த்தது. மணிக்கட்டு ஒருமுறை துடித்து அடங்கியது.

வெட்கப்பட்டுப் பேனாவை எடுத்தார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். பேனா சரியில்ல."

பேனா சரியாக இருந்தது. அவளைவிட அது யாருக்குத் தெரியும்? சொல்ல வாய் எடுத்தாள். பேனா சரி என்றால் வேறு எது பழுது என்று அவர் தேடுவார்.

"ஆமா, சரியில்லதான்" என்றாள் யும்னா. "வேற காட்டுங்க."