பத்தரைக்கு வீடு பார்க்க வருகிறார்கள்

அந்த வாரம் முழுக்க நான் என் வீட்டையே மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்தேன். திரைச்சீலையை முகர்ந்தேன், தலையணை உறையை முகர்ந்தேன், குசினித் தட்டுகளை முகர்ந்தேன். எங்கேயும் மீன்குழம்பு மணக்கவில்லை என்று நிச்சயமானதும் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கினேன். செவ்வாய்க்கிழமையோடு சமையலை நிறுத்தியாயிற்று. அவித்த உருளைக்கிழங்கையும் பாண்துண்டுகளையும் முன்னால் வைத்துக்கொண்டு என் கணவர், "இது என்ன, ஆஸ்பத்திரிச் சாப்பாடோ?" என்று கேட்டார். நான் கதவுக் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வருடம் ரெஸ்ரோரன்ற் குசினிகளில் நின்றே வேலை செய்த மனிதர். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஒன்றை ஒப்பரேஷன் செய்து பார்த்தும் சரிவரவில்லை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் கிடையாது, எழுபத்திரண்டு படி. டாக்டரிடம் போவதைத் தவிர அவர் கீழே இறங்கி ஆறு மாதமாகிவிட்டது. யன்னலடியில் இருந்துகொண்டு, கீழே கடைவாசலில் யார் யாரோடு கதைக்கிறார்கள் என்று எனக்குச் செய்தி வாசிப்பார். நகருக்கு வெளியே ஆர்ஜொந்தெய்யில் தரையோடு ஒரு வீடு பார்த்து வைத்திருந்தோம். வாசலில் ஒரு படிகூட இல்லை. அந்த வீட்டுக்காரர் மாத முடிவு வரைதான் பொறுப்பேன் என்றுவிட்டார். இது விற்றால்தான் அது.

விற்றுத் தருவதற்கு ஒரு அஜான்ஸ் பெண்ணைப் பிடித்தோம். சனிக்கிழமை எல்லாரையும் ஒரே நேரத்தில் கூப்பிட்டு வீட்டைத் திறந்து காட்டலாம், கூட்டத்தைப் பார்த்தால் ஆசை வரும் என்றாள். பிறகு அறை அறையாக நடந்து விரலை நீட்டினாள். கலியாணப் படம் வேண்டாம். மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படம் வேண்டாம். சாமித்தட்டை எடுத்துவிடுங்கள். வாங்க வருகிறவர்கள் இங்கே தங்களைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும், உங்களை அல்ல. வெளியே போகும்போது இரண்டாம் மாடித் திருப்பத்தில் இருந்த மடக்குக் கதிரையைக் காட்டி, இது யாருடையது என்றாள். அவர் இருந்து இளைப்பாற நான் வைத்தது, மாடிக்காரர் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை என்றேன். அதையும் எடுங்கள், படி கஷ்டம் என்று அதுவே சொல்லிக் கொடுக்கிறது என்றாள்.

எனக்கு எரிச்சல்தான். இருபத்திரண்டு வருடம் இருந்த வீட்டில் நாங்கள் இருந்ததே தெரியக்கூடாது என்றால் என்ன கதை இது? ஆனாலும் செய்தேன். முருகனையும் பிள்ளையாரையும் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். குத்துவிளக்கு, கலியாணப் படம், மிளகாய்த்தூள் டப்பா, கடைக்காரர் தந்த நாட்காட்டி எல்லாம் அங்கேதான் போயின. கடைசியாக மடக்குக் கதிரையையும் திணித்துக் கதவைச் சாத்தினேன். அது திரும்பத் திரும்பத் திறந்தது. ஒரு கடதாசியை மடித்துச் செருகினேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் என்னையே மெச்சிக்கொண்டேன். அவள் பத்து மணிக்கு என்றுதான் முதலில் வைத்திருந்தாள். சனிக்கிழமை ஒன்பதில் இருந்து பத்தரை வரை ராகுகாலம். அந்த நேரத்தில் வாங்க வருகிறவன் வாசலை மிதித்தால் வியாபாரம் உருப்படுமா? டாக்டர், அது இது என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பத்தரைக்கு மாற்றுவித்தேன். விசிட் நடக்கும்போது நீங்கள் இருவரும் வீட்டில் இருக்கக்கூடாது என்று மட்டும் சொன்னாள். அதற்கென்ன என்றேன்.

சனிக்கிழமை விடியவே எழும்பி எலுமிச்சந்தோலை அவித்தேன். கட்டிலுக்கு வெள்ளை விரிப்பு. மேசையில் பூ. நிலத்தைத் துடைத்தேன், காய்ந்ததும் இன்னொரு தரம் துடைத்தேன். பத்து மணிக்கு முன்னமே அவருடைய சப்பாத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தேன். அவர் இறங்க எப்படியும் இருபது நிமிடம் பிடிக்கும்.

"வெளிக்கிடுங்கோ."

"என்ன அவசரம்? ராகுகாலம் முடியட்டும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வருகிறவர்களுக்கு நேரம் பார்த்த எனக்குப் போகிறவருக்குப் பார்க்கத் தோன்றவில்லை. ஒப்பரேஷனுக்கு ராகுகாலத்தில் வெளிக்கிட்டதால்தான் கால் சரிவரவில்லை என்பது அவருடைய முடிந்த முடிவு. நாட்காட்டியை ஒளித்து என்ன, அவருக்கு அது மனப்பாடம். கெஞ்சினேன், கத்தினேன். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதிரையில் அசையாமல் இருந்தார். நான் யன்னலுக்கும் கதவுக்கும் நடந்து, துடைத்த நிலத்தை நானே அழுக்காக்கினேன்.

பத்து முப்பத்தொன்றுக்கு வலது காலை வெளியே வைத்தார்.

இரண்டாம் மாடித் திருப்பத்துக்கு வந்ததும் நின்று பக்கத்தில் தடவினார்.

"எங்கை கதிரை?"

"உள்ளுக்கை வைச்சிட்டன். அஜான்ஸ் எடுக்கச் சொன்னது."

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் படியிலேயே குந்தி இருந்துவிட்டார். முகமெல்லாம் வியர்வை. கீழே, பத்து நிமிடம் பிந்தி, தெருக்கதவு திறந்தது. அஜான்ஸ் பெண்ணின் சிரிப்பு, நிறையச் சப்பாத்துச் சத்தம்.

நான் அப்போது செய்ததை இன்றைக்கும் யாருக்கும் சொல்லவில்லை. பக்கத்துக் கதவைத் தட்டினேன். போர்த்துக்கேய மனுசி ஒன்று அங்கே தனியாக இருக்கிறது.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ. அஞ்சு நிமிசம் இவவின்ரை வீட்டுக்கை இருங்கோ. ஆக்கள் வருகினம், கண்டிடுவினம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமாவது இருந்திருக்கலாம்.

"ஏன், அலுமாரிக்கை இடம் முடிஞ்சுதோ?"

கதவு திறக்கவில்லை. ஆட்கள் வந்துவிட்டார்கள். சுவரோடு ஒட்டி ஒவ்வொருவராக அவரைத் தாண்டி ஏற, அவர் ஒவ்வொருவருக்கும் "போன்ஜூர்" சொன்னார், ஏதோ தன் வீட்டுக் கலியாணத்துக்கு வாசலில் நிற்பவர்போல. வயிற்றில் பிள்ளையோடு வந்த ஒரு பெண் நின்று, உங்களுக்குச் சுகமில்லையா என்று கேட்டாள். நாலாம் மாடி என்னுடையதுதான் என்று தன் குசினிப் பிரெஞ்சில் சொன்னார். வீடு நல்லது, கால்தான் சரியில்லை. அஜான்ஸ் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. அந்தப் பிள்ளைத்தாய்ச்சியும் அவளுடைய புருஷனும் மேலே அண்ணாந்து பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஆர்ஜொந்தெய் வீடும் அவர்களோடு இறங்கிப் போவதாகவே எனக்குப் பட்டது.

கீழே தேத்தண்ணிக் கடையில் அவரைக் கொண்டாடினார்கள். "அண்ணை, கன நாளாக் காணேல்லை" என்று ஆள்மாறி ஆள் வந்து கையைப் பிடித்தது. அவர் சிரித்தார். ஆறு மாதத்தில் அப்படிச் சிரித்து நான் காணவில்லை. எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. திரும்பி ஏறும்போது நாலு இடத்தில் படியில் இருந்தார். நாலு தரமும் நான் பக்கத்தில் நின்றேன்.

திங்கட்கிழமை அஜான்ஸ் பெண் போன் எடுத்தாள். அன்றைக்கு இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிய ஒரு இளம் சோடி வாங்கச் சம்மதமாம். போனை வைத்துவிட்டு அவரிடம் சொன்னேன். யன்னலடியில் இருந்தவர் தெருவைப் பார்த்தபடியே சொன்னார்.

"அப்ப, இன்னும் ஒருக்கா மட்டும் இறங்கினாக் காணும். ஏறத் தேவையில்லை."

வீட்டை எழுதிக் கொடுக்க நொத்தேரிடம் ஒரு தரம், அதற்கிடையில் டாக்டரிடம் எத்தனையோ தரம் அவர் இறங்கி ஏற வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு அலுமாரியைத் திறந்தேன். சாமிகளை எடுப்பதற்கு முன்னம் மடக்குக் கதிரையை இழுத்து எடுத்துக்கொண்டு இறங்கி, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அது இருந்த இடத்திலேயே விரித்து வைத்தேன்.