மண் மூடிய துளைகள்

என் மனைவி தேனீ ஆராய்ச்சிக்காரி. இதைச் சொன்னதும் எல்லாரும் தேன் இருக்கிறதா என்பார்கள். அவளுடைய தேனீக்கள் ஒரு சொட்டுத் தேன் தராது. கூட்டமாக வாழாமல், மரத்துளைகளில் தனித்தனியாக முட்டையிடும் ரகம். தேன் தராத தேனீயைக் கட்டிக்கொண்டு அழுகிறவளைக் கட்டிக்கொண்டு நான் அழுகிறேன் என்று எங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்வேன்.

துளை போட்ட மரக்கட்டைகளை ஊர் ஊராகத் தொங்கவிட்டு, எந்தத் தேனீ எதுவரை பரவியிருக்கிறது என்று வரைபடத்தில் குறிப்பதுதான் அவள் வேலை. லாரி ஓட்டி ஓய்ந்தவன் என்பதால் வண்டி என் பொறுப்பு. உள்ளூர்ச் சின்னத் தேனீ தன் துளையை மண்ணால் மூடும். கப்பலில் வந்த மரத்தோடு இறங்கிய இன்னொன்று பிசினால் மூடும். அதற்கு நான் வைத்த பெயர் தடியன். சின்னதை வெளியே தள்ளித் துளையைப் பிடுங்கிக்கொள்வதில் தடியனுக்கு ஈவிரக்கமே கிடையாது.

ஒரு கட்டையை அடுத்த ஊருக்கு எடுத்துப் போகுமுன் எல்லாத் துளைகளையும் சுரண்டிவிட வேண்டும் என்பது விதி. இவள் பிசின் துளைகளை மட்டும் சுரண்டுவாள். மண் துளையில் இருப்பது நம்ம சின்னதுதானே, போகிற இடத்தில் பிழைத்துக்கொள்ளட்டுமே என்பாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. மற்ற இடங்களில் சின்னது அருகிப்போக, அங்கே மட்டும் நிறைய இருந்தது. தடியன் இன்னும் எட்டிப்பார்க்கவில்லை. அந்த ஒரு இடத்தையாவது காப்பாற்றிவிடலாம் என்றுதான் அவள் உயிரைக் கொடுத்து உழைத்தாள். குளிர் முடிந்ததும் அங்கேயும் கட்டைகளைத் தொங்கவிட்டு வந்தோம்.

சில வாரம் கழித்து, வரைபடத்தைச் சமையலறை மேசையில் விரித்து, தடியன் பரவிய ஊர்களுக்கெல்லாம் வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் டீ கொண்டுபோனேன். அவள் கை பாதியில் நின்றிருந்தது.

"ஏங்க, இது நம்ம வண்டி போன வழி."

பாலம் உடைந்திருந்ததால் நாங்கள் சுற்றிப்போன வளைவுகூட அப்படியே வண்ணத்தில் இருந்தது. பரணில் மிச்சமிருந்த கட்டையை இறக்கி, ஒரு மண் மூடியைக் கத்தியால் பெயர்த்தாள். மண்ணுக்கு அடியில் பிசின். பிசின் போதாத இடங்களில் தடியன் மேலே மண்ணைப் பூசி முடித்துவிடுகிறது. இத்தனை வருஷமும் அதை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய் இறக்கியது நாங்கள்தான்.

டீ ஆறிப்போய்க் கிடக்க, வண்டியை எடுத்தோம். பள்ளத்தாக்கில் எங்கள் கட்டைகளின் மண் மூடிகள் உடைந்திருந்தன. உள்ளே இருந்தவை வெளியேறிவிட்டன. பக்கத்துப் பட்டமரத்தில் ஒரு தடியன் சின்னதைக் காலைப் பிடித்துத் துளையிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தது. இவள் பார்த்தபடியே நின்றாள்.

"விரட்டேன்" என்றேன்.

"எத்தன நாளைக்குங்க விரட்டறது?"

ஆனாலும் துண்டை வீசி விரட்டினோம், இருட்டும்வரை. கட்டைகளைக் கழற்றி எடுத்து வந்து எரித்தோம். மறுவருஷம் போனபோது விரட்டுகிற வேலையும் இல்லை. காப்பாற்ற ஒரு சின்னதுகூட அங்கே மிஞ்சவில்லை.