துணி மாற்றும் அறையில் குட்டையான பெண்

1. உள்ளே உயரம், வெளியே குட்டை

பள்ளிச் சீருடைக் கடையில் காலம் தள்ளியவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். பிள்ளைகள் வளரத்தான் செய்வார்கள். போன வருஷம் தொளதொள என்று இருந்த பினாபோர், அதுதான் சட்டைக்கு மேலே போடும் கையில்லாத கவுன், இந்த வருஷம் தொடையைத் தொடும். அம்மாக்கள் என்னை முறைப்பார்கள், ஏதோ நான்தான் ராத்திரியில் போய் அவர்கள் பிள்ளையை இழுத்து நீட்டிவிட்டு வந்த மாதிரி.

வளர்ந்த பிள்ளை குட்டையாகி நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதைப் பார்த்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் உடம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எனக்குச் சாப்பாடு இறங்காமல் போவது சாதாரண சம்பவம் இல்லை.

மஸ்ஜித் இந்தியாத் தெருவில் புடவைக் கடைகளில் வேலை பார்த்துவிட்டு, கடைசியாக கிள்ளானில் ஒரு சீருடைக் கடைக்கு வந்து சேர்ந்தேன். விற்பனையும் நான்தான், மடிப்பு தைப்பதும் நான்தான், சட்டையில் நேம் டேக் தைப்பதும் நான்தான். முதலாளி ஒரு அக்கா. கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசுவார். என்னிடம் பேசும்போது மட்டும் பெருமூச்சு விட்டுவிட்டுப் பேசுவார்.

கடைக்கு எதிர்ப்பக்கம் பள்ளிக்கூடம். இடம் பற்றாததால் இரண்டு செஷன். மதியம் காலைப் பிள்ளைகள் வெளியே வரும்போது மதியப் பிள்ளைகள் உள்ளே போவார்கள். அக்கா ஒரு பழக்கம் வைத்திருந்தார். எந்தப் பிள்ளை வந்து டாய்லெட் கேட்டாலும் விட வேண்டும். இன்றைக்கு டாய்லெட்டுக்கு வருகிற பிள்ளை நாளைக்குச் சட்டைக்கு வரும் என்பது அவர் வியாபார மூளை. டாய்லெட் கடையின் பின்புறம். அதை ஒட்டித்தான் திரை போட்ட துணி மாற்றும் அறை. அதற்கும் பின்னால் சந்துக்குப் போகிற கதவு.

ஏப்ரல் மாதமோ மே மாதமோ, கூட்டம் இல்லாத காலம். ஒரு பெண் உள்ளே வந்தாள். பத்து வயது இருக்கும். நீலப் பினாபோர், வெள்ளைச் சட்டை, நெஞ்சில் கவியா என்று நேம் டேக். யாரையும் பார்க்காமல் நேரே பின்னால் போனாள். கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. அதே பினாபோர், அதே சட்டை, அதே கவியா. ஆனால் பிள்ளை ஒரு சாண் குட்டை.

நான் கல்லாப் பக்கம் திரும்பி அக்காவைப் பார்த்தேன். அவர் போனில் யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளை என்னைக் கடந்து வெயிலில் இறங்கி, சாலையைத் தாண்டி, பள்ளி கேட்டுக்குள் போய்விட்டது.

2. காலரில் இருந்த கறை

முதல் நாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். இரண்டாம் நாள் சர்க்கரை கூடியிருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலரைப் பார்த்தேன்.

முகம் மறந்துபோகும், தைத்த துணி மறக்காது. அது எங்கள் தொழில் வியாதி. அந்தச் சட்டையின் காலரில் முருங்கை இலை மாதிரி ஒரு நீல மைக் கறை இருந்தது. உள்ளே போன உயரமான கவியாவின் காலரிலும் அந்த இலை. வெளியே வந்த குட்டைக் கவியாவின் காலரிலும் அதே இலை, அதே இடத்தில். அப்படியென்றால் இரண்டு சட்டை இல்லை, ஒரே சட்டை. ஒரே சட்டைக்குள் இருக்கிற பிள்ளைதான் சுருங்குகிறது.

உயரமானவள் உள்ளே போகும்போது "கவியா" என்று சும்மா கூப்பிட்டேன். நின்று, மெதுவாகத் திரும்பி, சிரிக்காமல் பார்த்தாள். குட்டையானவள் வெளியே வரும்போதும் "கவியா" என்றேன். அதே மாதிரி நின்று, அதே மெதுவில் திரும்பி, அதே மாதிரி சிரிக்காமல் பார்த்தாள். என் கையில் இருந்த அளவு நாடா கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனியப் பயமாக இருந்தது. குனிந்து நிமிர்வதற்குள் இன்னும் சின்னதாகிவிட்டால் என்ன செய்வது?

அவள் போன பிறகு திரையை விலக்கிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை. தேங்காய் எண்ணெய் வாசனை மட்டும் இருந்தது. கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைத் தடம். ஒன்று பெரியது, என் நெஞ்சு உயரத்தில். இன்னொன்று சின்னது, இடுப்பு உயரத்தில். பின்கதவுத் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது. நான்தான் போட மறந்திருப்பேன் என்று நினைத்துப் போட்டுவிட்டு வந்தேன். என் மூளையைப் பற்றி எனக்கு எப்போதும் அவ்வளவு நல்ல அபிப்பிராயம்தான்.

அக்காவிடம் சொன்னேன். என் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா சொல்லும் தோயோலைப் பற்றியும் சொன்னேன், குழந்தை உருவத்தில் வந்து வீட்டில் இருப்பதைத் திருடிக்கொண்டு போகிற பேய். அக்கா பெருமூச்சு விட்டார்.

"மணியம், நம்ம கடையில திருடுறதுக்கு வர்ற பேய் ஸ்கூலுக்கு ஏன்டா போகுது?"

நியாயமான கேள்வி. அதனால் எனக்குப் பயம் குறையவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிற பேய் இன்னும் பயங்கரமாகப் பட்டது.

3. நான் போட்ட அருமையான தையல்

அடுத்த திங்கட்கிழமை குட்டைக் கவியா திரையை விட்டு வரும்போது பினாபோரின் மடிப்பு ஒரு பக்கம் தொங்கியது. கையால் போட்ட நீள நீளமான ஓட்டுத் தையல், நூல் பிரிந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கடைத் துணி இந்தக் கோலத்தில் பள்ளிக்குப் போனால் என் மானம் போகும். பயம் ஒரு பக்கம், மானம் ஒரு பக்கம். மானம் ஜெயித்தது. அதுவும் போக, பேயாக இருந்தால் துணியில் ஊசி இறங்காது என்று சின்ன வயதில் கேள்விப்பட்டிருந்தேன். சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஒரு எண்ணம்.

"வாம்மா, அங்கிள் தச்சுத் தர்றேன்" என்றேன். அவள் வரவில்லை, போகவும் இல்லை. பினாபோரைக் கழற்றித் தரச் சொன்னேன். சட்டையோடும் உள்ளே போட்டிருந்த கால்சட்டையோடும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஊசி இறங்கியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உற்சாகத்தில் கொஞ்சம் அதிகமாகவே வேலை பார்த்துவிட்டேன். உள்ளே நாலு விரல் அகலத்துக்கு மடிப்பு, அது முழுக்க ஊசி ஓட்டை. எத்தனையோ தடவை பிரித்துப் பிரித்துத் தைத்த மாதிரி. அதை அப்படியே வைத்துத் தைத்தால் தடித்துக்கொண்டு நிற்கும். வளர்ச்சி மடிப்பை வெட்டக்கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அன்றைக்கு எந்தப் பேய் என் கையைப் பிடித்ததோ, கத்திரியை எடுத்துச் சுற்றி வெட்டி, ஓவர்லாக் அடித்து, மிஷினில் அழுத்தமாக ஒரு தையல் போட்டேன். கத்தி மாதிரி நேராக வந்தது.

வெட்டும்போது அந்தப் பிள்ளை ஒரு சத்தம் போடவில்லை. வேண்டாம் என்று சொல்லவில்லை. கத்திரி போகிற வழியிலேயே கண் போனது. கீழே விழுந்த துணிப் பட்டையைக் கடைசியில் எடுத்து, சுருட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். நானோ அவள் என் கைவேலையில் மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

4. இரண்டு பேரும் ஒரே இடத்தில்

அன்று சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு ஒரு பெண் வந்தார். ஷா ஆலாம் தொழிற்சாலை ஒன்றின் கிளீனர் உடுப்பு. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதிலிருந்து பினாபோரையும், நான் வெட்டிப் போட்ட பட்டையையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"இத வெட்டுனது யாருங்க?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அப்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு முகம் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. உயரமானவள். இன்னொரு முகம் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. குட்டையானவள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, சிரிக்காமல். நான் பிடிமானத்துக்கு எட்டிப் பிடித்தது கடை பொம்மையின் கை. அது கழன்று என் கையோடு வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் கையில் ஒரு கையோடு நின்று பேசிய பெருமை எனக்கு உண்டு.

அவர் பெயர் மேகலா. மெதுவாகச் சொன்னார். புருஷன் விட்டுவிட்டுப் போனவர். பெரியவள் நாலாம் வகுப்பு, காலை செஷன். சின்னவள் இந்த வருஷம்தான் முதலாம் வகுப்பு, மதிய செஷன். பள்ளி உதவிப் பணம் வந்தது, வந்த வேகத்தில் வாடகைக்குப் போனது. இருப்பது எங்கள் கடையில் எப்போதோ வாங்கிய ஒரே செட். பெரியவள் பள்ளி விட்டதும் எங்கள் பின்கதவைத் திறப்பாள். சந்தில் காத்திருக்கும் சின்னவள் உள்ளே வருவாள். பெரியவள் கழற்றி, மடிப்பை ஓட்டுத் தையலில் தூக்கி, தங்கச்சிக்குப் போட்டுவிட்டு, டீ சட்டையோடு சந்து வழியே பிளாட்டுக்கு நடப்பாள். ராத்திரி அம்மா துவைத்துக் காயப்போட்டு, விடிகாலையில் மடிப்பைப் பிரித்து இறக்குவார். அந்த மடிப்பைத்தான் நான் வெட்டியிருந்தேன். நாளைக் காலை பெரியவள் போட இனி ஒன்றும் இல்லை.

"ஏம்மா, ஸ்கூல்ல சொன்னா ஏதாவது செய்வாங்கல்ல?" என்று அக்கா கேட்டார்.

மேகலா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சொன்னா காஜாங்குக்குத் தெரிஞ்சிடும் அக்கா. பிள்ளைங்க அப்பாவோட அம்மா அங்க இருக்காங்க. ஒரு உடுப்பு வாங்கிக் குடுக்க வக்கில்ல, சின்னத எங்ககிட்ட விடுன்னு போன மாசமே வந்து நின்னாங்க. டீச்சர் கூப்பிட்டு விசாரிச்சா போதும், தூக்கிட்டுப் போயிடுவாங்க. அதான் ரெண்டு பேரையும் யாரும் சேர்த்துப் பாக்கக்கூடாது, கடையில வாயே தொறக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

இரண்டு பிள்ளைகளும் அம்மா சொன்னதை இப்போதும் செய்துகொண்டிருந்தன. அவ்வளவு சத்தமில்லாத பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை. மூச்சு விடுவதுகூட முறை வைத்து விடுகிற மாதிரி இருந்தது. பேய் என்று நினைத்தபோது இருந்த பயம் போய், வேறு ஒரு பயம் வந்தது.

நான் அவசரப்பட்டு, ஒரு செட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். மேகலா பினாபோரை மடித்துப் பைக்குள் வைக்க ஆரம்பித்தார். "தர்மத்துக்கு வரல அண்ணே. கேக்க வந்தேன், கேட்டுட்டேன்."

அக்கா கண்ணாடியை மூக்கில் இறக்கினார். "யாரு உனக்குத் தர்மம் குடுத்தா? வச்சுட்டுப் போ அத. எங்க ஆளு உன் துணியக் கெடுத்துட்டான். கெடுத்தா மாத்திக் குடுக்கணும், அது கடை ரூல் லா. பெரியவ அளவுக்குப் புதுசு எடு மணியம். கெட்டுப்போனத நான் என்ன பண்றது, அதையும் கொண்டு போயிடு. சின்னவளுக்கு ஆகும்." அப்புறம் என்னைப் பார்த்தார். "சட்டையிலயும் மிஷின் எண்ணெய ஊத்திட்டேன்னு சொன்னியே."

நான் சொல்லவே இல்லை. ஊற்றவும் இல்லை. ஒரு நிமிஷம் என் நேர்மைக்கு வந்த சோதனை என்று விறைத்துக்கொண்டு நின்றேன். பிறகு புரிந்தது. எண்ணெய்க் குப்பியை எடுத்து, சின்னவள் போட்டிருந்த சட்டையின் வால் பக்கம், பினாபோருக்குள் மறைகிற இடமாகப் பார்த்து ஒரு சொட்டு விட்டேன். துவைத்தால் போய்விடும். என் தொழில் வாழ்க்கையில் வேண்டுமென்றே கறை செய்தது அது ஒன்றுதான், அதிலும் என் கை சுத்தம்.

மேகலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. "கடை ரூலா அக்கா?" என்று கேட்டார்.

"கடை ரூல்."

அவர் பையைத் திரும்ப மேஜையில் வைத்தார்.

5. நேம் டேக்

புதுச் சட்டை பெரியவளுக்கு. பழைய சட்டையிலிருந்த கவியாவைப் பிரித்து அதில் தைத்தேன். பிரித்த இடத்தில், வெயில் படாத துணி, நீளமாக ஒரு வெள்ளைக் கட்டம். சின்னவளிடம் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். டேக் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று சோக்கால் குறிக்க வேண்டும். புது டேக் போடுவதற்காகத் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு கேட்டேன்.

"உன் பேரு என்னம்மா?"

அவள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கையால் அந்த வெள்ளைக் கட்டத்தைத் தடவினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் சொல்லித் தருவேன் என்கிற மாதிரி.

மேகலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பெரியவள்தான் முதல்முறையாக வாயைத் திறந்தாள். "கிளாஸ்ல எல்லாரும் அவளையும் கவியான்னுதான் கூப்பிடுறாங்க அங்கிள்." தங்கச்சி தோளைத் தொட்டு, "வீட்டுல கூப்பிடுறது சொல்லு" என்றாள்.

சின்னவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையாட்டும் வரைக்கும் காத்திருந்தாள்.

"துர்கா" என்றாள், யாருக்கோ கேட்டுவிடப் போகிற மாதிரி.

சத்தமாகச் சொல்லச் சொன்னேன். காது மந்தம் என்று பொய் சொன்னேன். மூன்றாவது தடவை தெருவரைக்கும் கேட்டது. அப்புறம்தான் தைத்தேன், இரட்டைத் தையலாக.

இப்போது சீருடைக் கடைகளில் வேலைக்குச் சேரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நூல் தொங்கும் மடிப்பைப் பார்த்ததும் கத்திரியைத் தேடாதீர்கள், அதைத் தைத்தது யார் என்று முதலில் கேளுங்கள். நேம் டேக் தைக்கும்போது பெயரைப் பழைய சட்டையிலிருந்து பார்த்து எழுதாதீர்கள். பிள்ளையை நிற்க வைத்து, அதன் வாயாலேயே சொல்ல வையுங்கள். பதில் வர நேரமானால் காத்திருங்கள். கடை எங்கேயும் ஓடிப்போகாது.