ஊதிக் காட்டிய இளங்கோவன்

மண்ணூர் இளங்கோவன் குடியை விட்டது ஊருக்கே தெரியும். விட்டவன் சும்மா இருந்தானா? இனி தொடமாட்டேன் என்று கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்ட நாளிலிருந்து, பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கையை நீட்டிக் காட்டினான். கட்டும்போது மனைவி காந்திமதி பக்கத்தில் நின்றாள். “இனிமே உன்ன நம்பலாம்யா” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் டாஸ்மாக் இருக்கும் தெருவையே சுற்றிப்போனான்.

வேலை, ஒரகடத்தில் இரும்பைக் காய்ச்சி அடிக்கிற கம்பெனியில். உலை முன்னால் நின்றால் சட்டையைப் பிழியலாம். காய்ந்ததும் முதுகில் உப்புப் பூத்துக் கிடக்கும். அதற்காகவே உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரை டிரம்மில் வைத்திருப்பார்கள். சித்திரையில் நடந்த மருத்துவ முகாமில் அவனுக்கு பிரஷர் என்று மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அவனுக்கு எதையும் பாதியாகச் செய்யத் தெரியாது. குடியை விட்ட மாதிரியே உப்பையும் அடியோடு விட்டான். டிரம் பக்கமே போகாமல் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினான்.

ஒரு மத்தியானம் கால் பின்னியது. நாக்கு குழறியது. கூப்பிட்டால் எங்கோ பார்த்துச் சிரித்தான். சூப்பர்வைசர் பிரசாந்த் ஓடிவந்து, பக்கத்தில் நின்ற வசந்தகுமாரிடம் கேட்டார்: “குடிச்சிட்டு வந்திருக்காரா?”

தினமும் இளங்கோவனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வேலைக்கு வருகிறவன் வசந்தகுமார். சம்பளத்தன்று குடிக்கக் கூப்பிட்டு, முடியாது என்ற பதிலையே வாங்கிக்கொண்டு போகிறவனும் அவன்தான். அந்த மகராசன் தலையை ஆட்டினான். “பழைய பழக்கம் சார்.”

கம்பெனி கேட்டுக்கு வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று வீட்டுக்குப் போன் போட்டார்கள். அங்கேயே வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

கண் விழித்தபோது காந்திமதியின் முகம் வெகு அருகில் இருந்தது. நெற்றியைத் தொடத்தான் குனிகிறாள் என்று நினைத்தான். அவள் அவன் வாயை மோந்துபார்த்தாள்.

“ஊது, பாக்கலாம்.”

வலிப்பில் கடிபட்ட நாக்கு எழவில்லை. ஊதினான். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

டாக்டர் மதிவதனி ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு வந்தார். “இவர் குடிக்கவே இல்லம்மா. வேர்வையில தண்ணி மட்டுமா போகுது? உப்பும்தான் போகுது. பிரஷர் மாத்திரையும் உப்பை வெளியே தள்ளுது. இவர் வெறும் தண்ணியாவே குடிச்சிருக்கார். ரத்தத்துல உப்பு ரொம்ப இறங்குனா, தண்ணி உள்ள போய் மூளை வீங்கிடும். அதான் பேச்சு குழறி, தள்ளாடி, வலிப்பு வந்திருக்கு. உப்பை நிதானமாத்தான் ஏத்தணும்.”

காந்திமதி அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் வசந்தகுமார் வந்து நின்றான். “சார் கேட்டதும் பயந்துட்டேண்ணே.” இளங்கோவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அந்த உறவு அத்தோடு சரி. சிநேகிதனைத் தலைமுழுகிவிடலாம். பெண்டாட்டியை என்ன செய்வது? தான் விட்டதெல்லாம் யாருக்காக என்று நினைக்க நினைக்க அவன் நெஞ்சு எரிந்தது.

மாத்திரையை மாற்றி, உடம்பு தேறி, மறுபடி வேலைக்குப் போனான். முதல் நாள் ஷிப்ட் முடிந்து வந்தவனிடம், டாக்டர் சொன்ன அளவுக்கு உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை காந்திமதி நீட்டினாள். அவன் டம்ளரை வாங்கவில்லை. குனிந்து அவள் முகத்தில் ஊதினான்.

“நான் ஒண்ணும் கேக்கலியேய்யா.”

“அன்னிக்கே கேட்டுட்டியே” என்றான்.

மறுநாளும் ஊதிவிட்டுத்தான் டம்ளரை வாங்கினான்.