இடப்பக்கம் திரும்பாத கார்

கார் ஓடாமல் நின்றால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? எந்திரத்தையா, டிரைவர் வீட்டில் யார் செத்தார்கள் என்பதையா? சிரிக்காதீர்கள். ராஜபாளையத்தில் நூற்பாலை நடத்திய தனுஷ்கோடி இரண்டாவதைத்தான் பார்த்தார்.

செட்டியார்பட்டி சமுத்திரம் அவருடைய டிரைவர். பன்னிரண்டு வருடம் பஞ்சு லாரி ஓட்டியவர். 1995இல் முதலாளி சென்னையிலிருந்து ஒரு பழைய ஜெர்மன் காரை வாங்கிவந்தபோது, அதோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்து முடித்தவர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காரில் டிராக்சன் கன்ட்ரோல் இருந்தது. ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் பல் வெட்டிய ஒரு வளையம். பக்கத்தில் அந்தப் பற்களை எண்ணும் ஒரு சென்சார். என்ஜின் தள்ளுவது பின்சக்கரங்களை. அவை முன்சக்கரங்களைவிட வேகமாகச் சுற்றினால், சேற்றில் வழுக்கி வீணாகச் சுழல்கின்றன என்று அர்த்தம். உடனே ஒரு பெட்டி என்ஜினை அடக்கும், சுழலும் சக்கரத்துக்குப் பிரேக் போடும். அதற்கு எண்ணத் தெரியும், அவ்வளவுதான். சாதி, சகுனம், சாவு எதுவும் தெரியாது. முதலாளிகளைவிட நாகரிகமான பெட்டி.

சமுத்திரத்தின் தாய் சுடலைமாடத்தி இறந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாளே ஆளனுப்பி அவரை வேலைக்குக் கூப்பிட்டவர் தனுஷ்கோடி. அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், கோயிலுக்கு இடப்பக்கம் திரும்பும்போது கார் திணறி நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு மின்னியது.

“பாத்தியாலே, சாமியே கண்ணக் காட்டுது! தீட்டோட வந்திருக்க.”

“குளிச்சிட்டுத்தான் வந்தேன், மொதலாளி. அது சக்கரம் வழுக்குதுன்னு காட்டுத லைட்டு.”

“எம்புட்டுக் குளிச்சா என்ன? பதினாறு கழியாம வண்டியத் தொடலாமா? நாளைக்கு வேலைக்கு வராத.”

“ஒரு தடவ மில்லுல ஓட்டிக் காட்டுதேன். பொறவு அனுப்புங்க.”

மில் வளாகத்தில் வலப்பக்கமாக வட்டமடித்தார். கார் சீராக ஓடியது. இடப்பக்கம் ஒடித்தார். திணறல், மஞ்சள் விளக்கு. அங்கே கோயில் ஏது? வேலையாட்கள் கூடிவிட்டார்கள். சமுத்திரம் காருக்கு அடியில் படுத்தார்.

இடது முன்சக்கரத்துக்கு உள்ளே ஒரு கறுப்புக் கயிறு, அதில் மூன்று தாயத்து. கட்டியவர் சென்சார் ஒயரையும் சேர்த்து இறுக்கியிருந்தார். சக்கரம் இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒயர் இழுபட்டுத் தொடர்பு அறுந்தது. முன்சக்கரத்தின் கணக்கு பெட்டிக்கு வரவில்லை. பின்சக்கரங்கள்தான் வெறிபிடித்துச் சுழல்கின்றன என்று அது என்ஜினை அடக்கியது.

“இத யாரு கட்டுனா, மொதலாளி?”

“நீ இல்லாதப்போ ஜோசியர் கட்டுனாரு. கண்ணுபடக் கூடாதுன்னு.”

“தாயத்துக்கே கண்ணுபட்டுட்டு போல!” என்றார் மில் எந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் கருத்தையா. கூட்டம் சிரித்தது.

கயிற்றை அறுத்து ஒயரைச் சரிசெய்ததும் கார் இடப்பக்கம் திணறாமல் திரும்பியது. தனுஷ்கோடி சாவிக்குக் கை நீட்டினார்.

“வண்டி சரியாயிட்டு. தீட்டு போவலயே. நீ கெளம்பு.”

பத்துப்பேர் முன்னால் சரியாகச் சொன்னதுதான் அந்தத் தீட்டு. சமுத்திரம் மறுபடி பஞ்சு லாரிக்குப் போனார்.

உங்களிடம் வாகனம் இருக்கிறதா? இன்றே குனிந்து பாருங்கள். கயிறு கட்டியிருந்தால் அறுத்தெறியுங்கள். பிறகு உங்கள் டிரைவரைக் கூப்பிட்டு, வீட்டில் சாவு நேர்ந்தால் பதினாறு நாளும் சம்பளத்தோடு லீவு என்று சொல்லுங்கள்.