கயிறு கட்டிய ஜன்னலோர மேஜை

சுற்றுலாக் கப்பலில் இதுவரை எட்டு முறை போய் வந்திருக்கிறேன். இதைக் கேட்டதும் நான் ஏதோ பெரிய பணக்காரன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு விதை கம்பெனியில் விற்பனை அலுவலராக இருக்கிறேன். கீழ்வேளூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி வரைக்கும் உள்ள விதைக் கடைகள் என் பொறுப்பு. இலக்கை எட்டிய கடைக்காரர்களைக் கம்பெனி சென்னையிலிருந்து கிளம்பும் கப்பலில் மூன்று இரவுகள் கூட்டிப்போகும். குறுவை விதை விற்று முடிந்து, சம்பாவுக்குக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஒரு தடவை. அறுவடை முடிந்த பிறகு இன்னொரு தடவை. அவர்களை ஏற்றிக்கொண்டு போய், ஆள் குறையாமல் திருப்பிக் கொண்டுவந்து இறக்குவது என் வேலை.

எட்டு முறை போனவனுக்குக் கருத்துகள் இருக்கும். எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருக்கின்றன.

முதலில் கேளிக்கை. நீச்சல்குளத்துப் பக்கம் போடும் டிஜே பாட்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். மூன்று நாளும் அதே பத்துப் பாட்டு. ஒரத்தநாட்டுக் கடைக்காரர் ஒருவர் இரண்டாம் நாளே அடுத்தது எது என்று சரியாகச் சொல்லிவிட்டார். மேடையில் நடக்கும் பெரிய நடனம் பார்க்க அழகுதான். ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்தால் காது போய்விடும். ஏழாவது வரிசை, நடுப்பக்கம். அதுதான் சரியான இடம். எல்லாவற்றிலும் மேல் மேஜிக் ஷோ. அதற்கு மொழி தேவையில்லை. இந்தியும் இங்கிலீஷும் தெரியாத எங்கள் ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தது அங்கேதான். கப்பலில் சூதாட்ட அறையும் உண்டு. அதற்குள் போகிறவர்களை வாசலிலேயே மடக்கி மேஜிக் ஷோவுக்குத் திருப்பிவிடுவதை நானாகவே என் வேலையில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது சாப்பாடு. பஃபே திறந்த முதல் அரை மணி நேரத்தில் போகக் கூடாது, கடைசி அரை மணி நேரத்திலும் போகக் கூடாது. நீளநீளமான பாசுமதி அரிசியில் சோறு வைப்பார்கள். நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்கு அது சோறாகவே படாது. தட்டில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டாமல் கோபித்துக்கொண்ட மாதிரி கிடக்கும். அதனால் காலைச் சாப்பாட்டை நன்றாகச் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. இட்லி சுமார். பொங்கல் நம்பலாம். முட்டை கேட்கிற மாதிரி போட்டுத் தருவார்கள்.

மூன்றாவது, சலுகைகள். ஒரு காலத்தில் இதைப் பற்றி நான் அதிகம் பேசுவேன். கப்பலில் ஏறும்போதே கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு அட்டை தருவார்கள். அறைக் கதவுக்கு அதுதான் சாவி, நாம் யார் என்பதற்கும் அதுதான் அடையாளம். புதிதாக வருகிறவர்களுக்கு நீலம். ஐந்து பயணம் முடித்தவர்களுக்குத் தங்க நிறம். தங்க அட்டைக்காரன் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. அறையில் பழக்கூடை இருக்கும். சாப்பாட்டுக் கூடத்தில் கடலைப் பார்த்த ஜன்னலோரம் ஆறேழு மேஜைகளை ஒரு சிவப்புக் கயிறு கட்டித் தனியாக வைத்திருப்பார்கள், அங்கே உட்காரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் அறையில் இன்னொருவரைச் செலவில்லாமல் தங்கவைத்துக்கொள்ளலாம்.

அந்த அட்டை ஆறாவது பயணத்தில் என் கைக்கு வந்தது. அம்மாவைக் கூட்டிப்போவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அப்பா மாட்டை விட்டுவிட்டு வர மாட்டார். அம்மாவும் முதலில் மறுத்தாள். ஆனால் நான் அவளைக் கூட்டிப்போக நினைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அம்மா பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. கல்யாணமோ காதுகுத்தோ, போவாள், எல்லாரையும் விசாரிப்பாள், இலை போடும் நேரத்தில் காணாமல் போய்விடுவாள். என் அக்கா கல்யாணத்தில்கூட எல்லாரும் சாப்பிட்டு முடிந்த பிறகு சமையற்கட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அது அவள் சுபாவம் என்றுதான் இருந்தேன். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த வருஷம் அப்பா சொல்லித்தான் தெரிந்தது. நான் பிறப்பதற்கு முன்னால், அவர்கள் இருவரும் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பண்ணையில் ஒரு கல்யாணம். எல்லாரும் சாப்பிட்டுப் போங்கள் என்று யாரோ பொதுவாகச் சொன்னதை நம்பி அம்மா உட்கார்ந்துவிட்டாள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்த பிறகு ஒருவர் எதிரே வந்து நின்று, ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினாராம். எழுந்திரு என்று அர்த்தம். அம்மா எழுந்து வந்தவள்தான். அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை.

கப்பலில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்பது என் உறுதியான எண்ணம். கழுத்தில் அட்டை தொங்கினால் போதும், யார் எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கரையில் உட்காராத அம்மா கடலில் உட்காருவாள். இவ்வளவுதான் என் திட்டம்.

ஏழாவது பயணத்துக்கு ஒருவழியாக அம்மா ஒத்துக்கொண்டாள். துறைமுகத்தில் பையைச் சோதித்தவர்கள் அம்மா கட்டி எடுத்து வந்திருந்த புளிச்சோற்றை எடுத்து வைத்துவிட்டு முறுக்கை மட்டும் விட்டார்கள். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி கூடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும்.

முதல் நாள் மதியம், போன தடவை நான் உட்கார்ந்த ஜன்னலோர மேஜைக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். "நான் அறையிலயே இருந்துக்கறேன்யா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் விடவில்லை. கடலைப் பார்த்து உட்காரவைத்தேன். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள், ஆனாலும் உட்கார்ந்தாள். தட்டு எடுத்துவரலாம் என்று நான் எழுந்த நேரத்தில் போன் வந்தது. ஒரத்தநாட்டுக் கடைக்காரரின் அறைக் கதவு திறக்கவில்லையாம். பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அந்த மேஜையில் வேறு இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா கூடத்துக்கு வெளியே மாடிப்படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லிப்டை எப்படி அழுத்துவது என்று தெரியாததால் அதற்கு மேல் போகவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. அங்க பரிமாறுற தம்பி ஒண்ணு வந்து என் அட்டையப் பாத்துச்சு. அப்பறம் இப்படிக் காட்டுச்சு."

உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினாள்.

"பசிக்கல. முறுக்கு இருக்கில்ல."

நான் கூடத்தின் மேலாளரிடம் போய்ச் சத்தம் போட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் செலவழித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கயிற்றுக்கு உள்ளே தங்க அட்டைக்காரர் கூட இருந்தால்தான் நீல அட்டைக்காரர் உட்காரலாம், தனியாக உட்கார விதியில்லை, அந்தப் பையன் வேறு மேஜைக்குப் போகச் சொல்லித்தான் கை காட்டியிருக்கிறான், வருந்துகிறோம், அறைக்கு ஒரு கேக் அனுப்புகிறோம் என்றார். விதியைப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். கயிற்றுக்கு உள்ளே இருப்பதை நான் எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். யாராவது தெரியாமல் உட்கார்ந்தால் எழுப்பித்தானே ஆவார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மாவை அங்கே கொண்டுபோய் உட்காரவைத்தவன் நான்.

கேக் வந்தது. அம்மா அதைத் தொடவில்லை. ராத்திரி அறைக்கே ரொட்டியும் பாலும் வரவழைத்துக் கொடுத்தேன். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். பசி தீர்ந்திருக்கும். ஆனால் சமையற்கட்டில் நின்று சாப்பிடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று நாளும் இப்படியே போனால், கரையிலும் இல்லை கடலிலும் இல்லை என்று அவள் மனசில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு நான் எங்கே கூப்பிட்டாலும் வர மாட்டாள்.

மற்றபடி அவள் முகம் வாடவில்லை. மேஜிக் ஷோவுக்கு வந்தாள். ஏழாவது வரிசை, நடுப்பக்கம். ஒரு பெண்ணைப் பெட்டிக்குள் படுக்கவைத்து இரண்டாக அறுத்தபோது கூட்டம் கை தட்டியது. அம்மா என் காதோரம், "அந்தப் பொண்ணுக்கு இதுக்குத் தனியாக் கூலி உண்டா, இல்ல அவன்தான் எல்லாத்தையும் வாங்கிக்குவானா?" என்று கேட்டாள். ஆறு முறை பார்த்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். கதவைத் தட்டினார்கள். கீழ்வேளூர் விதைக்கடை பாயின் மனைவி நின்றார். அவருக்கும் அதுதான் முதல் கப்பல். நேற்று நடந்தது எங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார்.

"அக்கா, சாப்பிட வாங்க."

அம்மா எழுந்து நின்றாள். "நான் அங்கெல்லாம் உக்கார்றதில்லம்மா. நீங்க போயிட்டு வாங்க."

"நான் எப்படித் தனியாப் போறது? எங்க வீட்டுக்காரர் மத்த கடைக்காரங்களோட உக்காந்து உரக் கதை பேசிக்கிட்டிருக்காரு. எதுல என்ன கறி கெடக்குன்னு தெரியாம நேத்துப் பூரா நான் வாழைப்பழம்தான் தின்னேன். நீங்க கூட வந்தா ரெண்டு பேருமா மூடியத் தொறந்து பாத்து எடுத்துக்கலாம்."

அம்மா கதவருகே வந்தாள். பிறகு அவரிடம் நேராகவே கேட்டாள். "உக்காந்தப்பறம் எழுப்பிவிட்டா?"

"எழுப்பினா ரெண்டு பேருமா எந்திரிப்போம். தட்டையும் கையோட தூக்கிக்கிட்டு."

அம்மா சிரித்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் விருந்துக்கு வீடு தேடி வந்து கூப்பிட வேண்டும். பத்திரிகை வைத்திருந்தாலும் இலை போடும் நேரத்தில் ஒருவர் நேரில் வந்து, சாப்பிட வாங்க என்று சொன்னால்தான் எழுந்து போவார்கள். அதை நான் மறந்திருந்தேன். எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று அம்மாவிடம் பத்துத் தடவை சொன்னேனே தவிர, சாப்பிட வா என்று யாரும் அவளைக் கூப்பிடவில்லை. நானும் இழுத்துக்கொண்டுதான் போனேன். அம்மா தலையை வாரி, புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு கிளம்பினாள்.

கூடத்தில் நல்ல இடமாகப் பார்த்து உட்காரவைக்கலாம் என்று பின்னாலேயே போனேன். பாயின் மனைவி திரும்பி, "தம்பி, நீங்க உங்க ஆளுங்களப் போய்ப் பாருங்க" என்றார். நான் கடைக்காரர்களின் மேஜையில் போய் உட்கார்ந்தேன். கயிற்றுப் பக்கம் போகவில்லை.

அவர்கள் இருவரும் ஒவ்வொரு பாத்திரமாக மூடியைத் திறந்து பார்த்தார்கள், பேசினார்கள், மூடினார்கள். பின்னால் நீளமாக வரிசை நின்றது. அதை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. பிறகு என் கணக்கில் கூடத்திலேயே மட்டமான மேஜையில் போய் உட்கார்ந்தார்கள். பாத்திரம் கழுவும் அறையின் கதவுக்குப் பக்கத்தில், கடலே தெரியாத இடம். நேற்று அம்மாவுக்குக் கை காட்டிய பையன், மேலாளர் எனக்கு அடையாளம் காட்டியிருந்தவன், அந்தப் பக்கம் வந்தான். அம்மா தட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் பாதி எழுந்துவிட்டேன். அவன் கையில் தண்ணீர் ஜாடி இருந்தது. இரண்டு தம்ளரிலும் ஊற்றினான், தலையை ஆட்டினான், போய்விட்டான். அவன் போவதை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தட்டை விட்டுவிட்டுப் பொங்கலை எடுத்து வாயில் வைத்தாள்.

அன்று மதியம் அவள்தான் போய் பாயின் மனைவி அறைக் கதவைத் தட்டினாள். இரவிலும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் திருக்காட்டுப்பள்ளிக் கடைக்காரரின் மனைவியையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த மட்டமான மேஜையில் நான்காவது நாற்காலி காலியாக இருந்தது. அது எனக்குக் கிடைக்கும் என்று இருந்தேன். அதில் கைப்பைகளை வைத்திருந்தார்கள்.

கப்பல் துறைமுகத்தை நெருங்கும்போது அறைக்கு ஒரு தாள் வந்தது. தங்க அட்டைக்காரர்கள் கேளிக்கை, சாப்பாடு, சலுகைகள் பற்றிக் கருத்து எழுத வேண்டும். போன தடவை நான் எல்லாக் கட்டத்திலும் மிக நன்று என்று குறித்துவிட்டேன். அன்று அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டி, சாப்பாடு எப்படி என்று கேட்டேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "சாம்பார்ல சர்க்கரையப் போட்டிருக்கான். கத்திரிக்கா நேத்தும் வேகல, இன்னிக்கும் வேகல. ரசம்னு வச்சிருக்கானே, அது வெந்நி. மொளகே இல்ல."

பந்தியில் உட்கார்ந்தவர்கள்தான் எங்கள் ஊரில் சமையலைக் குறை சொல்வார்கள். கொல்லைப்பக்கம் வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அம்மா ஒரு சாப்பாட்டைக் குறை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"எழுதிட்டியா?"

"எழுதிக்கிட்டிருக்கேம்மா."

"சோறும் சோறா இல்லன்னு போடு. நம்ம நெல்லு ரெண்டு மூட்ட அனுப்பறேன், எப்படி வடிக்கிறதுன்னும் வேணா சொல்லித் தர்றேன்னு போடு."

சாப்பாட்டுக்கு இரண்டு வரி இடம்தான் விட்டிருந்தார்கள். தாளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பின்பக்கம் எழுதினேன்.