எனக்குப் பிடித்த குழம்பு

விழுப்புரத்தில் கணவர் வீட்டைவிட்டு வெளியேறி, மகளோடு திண்டிவனத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தாய்மார் இல்லத்தில் சேர்ந்தேன். புதிதாக வந்தவருக்குப் பிடித்ததை முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் எல்லோருமாகச் சமைப்பது அங்கே வழக்கம்.

“உனக்கு என்னாம்மா புடிக்கும்?” என்று கேட்டார் சிஸ்டர்.

“கருவாட்டுக் குழம்பு” என்றேன், யோசிக்காமல்.

மதியம் எல்லோரும் ஆசையாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு வாய்க்குமேல் இறங்கவில்லை.

“அம்மா, அது அப்பாவுக்குத்தான புடிக்கும்?” என்றாள் மகள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. “சரி, உனக்கு என்னா வேணும்? மெதுவா யோசிச்சு சொல்லு, செஞ்சிக்கலாம்.”

எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அத்தனை பேர் நடுவில் அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை.

இப்போது எங்களுக்கென்று ஒரு வாடகை வீடு இருக்கிறது. ஞாயிறுதோறும் புதிதாக ஏதாவது சமைத்துப் பார்க்கிறேன். எனக்குப் பிடித்தது எதுவென்று இன்னும் தெரியவில்லை. கருவாடு இல்லை, அது மட்டும் நிச்சயம்.